பாதிப் பேர் உட்கார்ந்தார்கள், பாதிப் பேர் எழுந்து போனார்கள்: எங்கள் குறும்படம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒக்கிப் புயலை வைத்து எடுத்த 16 நிமிஷப் பரீட்சார்த்தக் குறும்படம் ஒன்றைக் குமரி மாவட்டத்தில் கடற்கரை ஊர்களிலும் ரப்பர் தோட்டப் பகுதிகளிலும் நாகர்கோவிலிலும் திரையிட்டு வருகிறோம். போன இடமெல்லாம் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. நான் படத்தை இயக்கியவன் இல்லை, புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு, முடிந்ததும் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆள். அதனால் கேள்விகள் முதலில் என்னிடம்தான் வருகின்றன. திரும்பத் திரும்ப வந்தவற்றுக்கு இங்கே பதில்.

நான் படம் பார்க்கவில்லை. அதில் அப்படி என்னதான் இருக்கிறது?

மூன்று பகுதி. முதல் ஆறு நிமிஷம் ஒரே ஷாட். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு பெண் கிழிந்த வலையைச் சரி செய்கிறார், கைகள் மட்டும்தான் தெரியும், முகம் கடைசி வரைக்கும் வராது. பக்கத்தில் ஒரு வயர்லெஸ் செட். கடலில் இருப்பவர்கள் பேசுவது அதில் கேட்டுக்கொண்டே இருக்கும்: என்ன மீன் பட்டது, காற்று எப்படி, ஐஸ் மிச்சம் இருக்கிறதா, இப்படி. அடுத்த ஆறு நிமிஷம் அசையாத புகைப்படங்கள். வேரோடு சாய்ந்த ரப்பர் மரங்கள், பால் வெட்டிய தழும்போடு கிடக்கும் தடி, அதில் கட்டிய கம்பியில் இன்னும் தொங்கும், பால் பிடிக்கிற சிரட்டை, ஒடிந்த வாழைத்தோப்பு, ரோட்டுக்குக் குறுக்கே கிடக்கும் கரண்ட் கம்பம். கடைசி நான்கு நிமிஷம் திரை முழுக்க இருட்டு. வயர்லெஸ் இரைச்சல் மட்டும் இருக்கும், நடுவில் ஒரு குரல் "கேக்குதா... கேக்குதா..." என்று கூப்பிடும், பதில் வராது. அப்படியே முடிந்துவிடும். பின்னணி இசை கிடையாது, கதை சொல்கிற குரல் கிடையாது.

கடைசியில் புரொஜெக்டர் போய்விட்டதா?

இல்லை, ஓடிக்கொண்டுதான் இருந்தது. உற்றுப் பார்த்திருந்தால் திரை லேசான சாம்பல் நிறத்தில் இருந்தது தெரிந்திருக்கும். நாங்கள் கொண்டுபோகும் சாதாரண புரொஜெக்டரால் முழுக் கருப்பைக் காட்ட முடியாது, உள்ளே விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும், முடிந்த மட்டும் வெளிச்சத்தைத் தடுக்கும், அவ்வளவுதான். ரப்பர் தோட்டப் பகுதியான குலசேகரம் பக்கம் ஒரு நூலகக் கூடத்தில் காட்டியபோது இருட்டு வந்த கொஞ்ச நேரத்தில் பின்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் எழுந்து போய் சுவிட்ச் போர்டைத் தட்டிப் பார்த்தார், ஒரு தம்பி "அண்ணே, கேபிள் லூசு" என்று என்னிடம் ஓடி வந்தான். இரண்டு பேரும் உதவி செய்யத்தான் வந்தார்கள். அதை ரசனைக் குறைவு என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது.

ஒக்கி என்றால் என்ன? நான் வெளி மாவட்டம்.

2017 நவம்பர் 30 அன்று கன்னியாகுமரிக்குத் தெற்கே கடல் வழியாகப் போன புயல். அது புயலாக மாறியபோது ஆழ்கடல் தொழிலுக்குப் போனவர்கள் பலர் ஏற்கெனவே நடுக்கடலில் இருந்தார்கள், எச்சரிக்கை அவர்களைப் போய்ச் சேரவில்லை. தூத்தூர் வட்டாரக் கடற்கரையில் பல வீடுகளில் ஆள் திரும்பவே இல்லை. அதே காற்றில் உள்நாட்டுப் பக்கம் ரப்பரும் வாழையும் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன, கம்பங்கள் விழுந்து பல ஊர்களில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. ஒரே மாவட்டம், ஒரே புயல், ஆனால் கடப்புறத்துக்காரர் நினைவில் இருப்பது ஒன்று, மலையோரத்துக்காரர் நினைவில் இருப்பது வேறொன்று. இதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள்.

சரி, ஏன் கூட்டம் இப்படி இரண்டாகப் பிரிகிறது? சிலருக்கு ரசனை இருக்கிறது, சிலருக்கு இல்லை, அதுதானே?

அதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

வயர்லெஸை எடுத்துக்கொள்ளுங்கள். படகில் இருக்கும் செட் சில பத்துக் கிலோமீட்டர் வரைதான் எட்டும். அதைத் தாண்டிப் போய்விட்டால் நேராகப் பேச முடியாது, நடுவில் இருக்கும் படகு கேட்டுச் சொல்லி, அதைக் கேட்டு இன்னொரு படகு சொல்லித்தான் செய்தி கரைக்கு வரும். கடற்கரை ஊரில் பிறந்தவருக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எனவே இருட்டில் அந்தக் குரல் "கேக்குதா" என்று கூப்பிட்டுப் பதில் வராதபோது அவர்கள் மனதில் முதலில் வருவது சாவு இல்லை. ஒரு திரையிடல் முடிந்ததும் வள்ளம் வைத்திருக்கும் ஒரு அண்ணன் சொன்னார்: "பதில் வரல்லண்ணா ரேஞ்சு இல்லண்ணுதான் மக்கா மொதல்ல நெனைப்போம். அடுத்த தடவை கூப்பிடும்போ கேக்கும்ணு நெனைப்போம். அப்பிடியே நெனச்சிட்டே இருப்போம்." அவருக்கு அந்த நான்கு நிமிஷத்தில் ஒவ்வொரு அழைப்பும் தனி. இரண்டாவது அழைப்புக்கும் ஐந்தாவது அழைப்புக்கும் நடுவில் அவர் மனதில் எவ்வளவோ நடக்கிறது.

அதே நான்கு நிமிஷத்தை ரப்பர் வெட்டப் போகிறவர் பார்த்தால்? வயர்லெஸ் அவருக்கு வெறும் இரைச்சல். ஆனால் இருட்டு வெறும் இருட்டு இல்லை, அது கரண்ட் போன அந்த நாட்கள். ஒரு அக்கா மெழுகுவர்த்தி கிடைக்காமல் கடை கடையாக அலைந்ததைப் பற்றி நிறையப் பேசினார், கைக்குழந்தையோடு இருந்தாராம். அவர் அழவில்லை, கோபப்பட்டார், படத்தின் மேல் இல்லை, அந்த நாட்களின் மேல்.

நாகர்கோவிலில் மாணவர்கள் நிறைந்த ஒரு கூடத்தில் இந்த இரண்டுமே நடக்கவில்லை. அங்கே "இது படமே கிடையாது" என்று ஒரு பக்கம், "இதுதான் படம்" என்று இன்னொரு பக்கம், அரை மணி நேரம் காரசாரமாகப் போனது. நல்ல விவாதம்தான், ஆனால் பேச்சு முழுக்க ஷாட்டின் நீளத்தைப் பற்றி. புயல் நடந்தபோது அவர்களில் பலர் சின்னப் பிள்ளைகள்.

ஆக, ஒவ்வொருவரும் எதைக் கொண்டுவந்தார்களோ அதை வைத்துத்தான் பார்த்தார்கள். எல்லாவற்றையும் விளக்கிச் சொல்கிற படமாக இருந்திருந்தால் எல்லோரும் ஏறக்குறைய ஒரே படத்தைப் பார்த்திருப்பார்கள். இது விளக்கவில்லை, இடத்தைக் காலியாக விட்டது, அதனால் பிளவு வெளியே தெரிந்தது.

எழுந்து போனவர்களுக்குப் படம் பிடிக்கவில்லை என்றுதானே அர்த்தம்?

சிலருக்கு அப்படித்தான். வெளிப்படையாகவே சொன்னார்கள், "ஒண்ணும் மனசிலாவல்ல, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று. அதில் எந்தத் தவறும் இல்லை.

ஆனால் எழுந்து போனவர்கள் எல்லோரும் அப்படி இல்லை. குளச்சலுக்கும் தேங்காப்பட்டணத்துக்கும் நடுவில் ஒரு ஊரில் கோயில் முற்றத்தில் காட்டினோம். மீன் விற்கப் போகிற ஒரு அக்கா முதல் பகுதியிலேயே எழுந்துவிட்டார், அந்தக் கைகள் வலை பின்னத் தொடங்கி இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. சலித்துப்போய் எழுந்துவிட்டார் என்று நினைத்தேன். குருசடி என்கிற சின்னச் சிலுவைக் கோயில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தவர், எல்லாம் முடிந்து நாங்கள் ஒயர் சுற்றும்போது வந்து, "செட்டு சத்தம் கேட்டதும் நெஞ்சு அடைச்சிட்டு மக்களே, இருக்க முடியல்ல" என்றார். படம் அவரை அளவுக்கு மேல் தொட்டுவிட்டது. காலி நாற்காலியை எண்ணி ஒரு படத்துக்கு மார்க் போட முடியாது என்று அன்றைக்கு உறுதியாகத் தோன்றியது.

கைதட்டலும் அப்படித்தான். பிடித்ததால் தட்டுகிறவர் உண்டு, முடிந்ததே என்று தட்டுகிறவர் உண்டு, எங்களைப் பார்த்துப் பாவமாக இருந்ததால் தட்டினேன் என்று முகத்துக்கு நேரே சொன்னவரும் உண்டு.

மரம் சாய்ந்ததும் ஆள் போனதும் ஒன்றா? எப்படி இரண்டையும் ஒரே படத்தில் வைத்தீர்கள்?

இதுவரை வந்ததில் கனமான கேள்வி இதுதான். கடற்கரையில் கேட்டார்கள், உரக்கவே கேட்டார்கள். புகைப்படங்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு பாட்டா (தாத்தா) எழுந்து, "மரத்த மறுபடி நடலாம்டே" என்றார். அதன் பிறகு கொஞ்ச நேரம் யாரும் வாய் திறக்கவில்லை, படம் மட்டும் ஓடியது.

இயக்குநரின் பதில் இது: நான் இரண்டையும் தராசில் வைக்கவில்லை, பக்கத்தில் வைத்தேன். அவர் கடற்கரை ஊர்ப் பெண், அவர் உறவிலும் இழப்பு உண்டு. புகைப்படங்களை எடுத்தவர் மலையோரத்துக்காரர், புயல் முடிந்த வாரத்தில் தன் ஊரில் எடுத்து வைத்திருந்தவை. இரண்டு பேரும் நண்பர்கள். பல வருஷம் ஆகியும் இருவரும் ஒக்கியைப் பற்றிப் பேசும்போது வேறு வேறு புயலைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருந்ததாம், படம் அங்கிருந்துதான் தொடங்கியது.

என் சொந்த அபிப்பிராயம் கேட்டால், பாட்டா சொன்னதில் நியாயம் இருக்கிறது. இரண்டு பகுதிக்கும் சரியாக ஆறு ஆறு நிமிஷம் கொடுத்திருப்பது சமமாக நிறுத்தியதுபோலத்தான் தெரிகிறது, இயக்குநர் அப்படி நினைக்கவில்லை என்றாலும். புகைப்படப் பகுதி இன்னும் சுருக்கமாக இருக்கலாம் என்று நான் அவரிடம் சொல்லியிருக்கிறேன், அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அதே சமயம் கடன் வாங்கி வாழை வைத்தவர், ஏழு வருஷம் வளர்த்து வெட்டத் தொடங்கும் நேரத்தில் ரப்பர் மரத்தை இழந்தவர், இவர்களிடம் போய் "ஆள் போகவில்லையே" என்று சொல்லவும் எனக்கு வாய் வராது. குலசேகரத்தில் அந்தப் புகைப்படங்கள் வந்தபோது கூடம் முழுக்க அடங்கிப்போனது. சிரட்டை தொங்கும் அந்த ஒரு படத்துக்கு முன்வரிசையில் யாரோ "அய்யோ" என்றார்கள். கடற்கரையில் அதே படத்துக்குப் பேச்சுச் சத்தம்.

எங்கள் சோகத்தை வைத்து நீங்கள் விருது வாங்கப் பார்க்கிறீர்களா?

கோபத்தோடு கேட்டார்கள், கேட்க உரிமை உள்ளவர்கள். நேராகச் சொல்கிறேன். வயர்லெஸில் வரும் குரல்கள் ஒக்கி நேரத்துப் பதிவு இல்லை. அப்படி ஒரு பதிவு கிடைத்திருந்தாலும் பயன்படுத்தியிருக்க மாட்டோம். தொழிலுக்குப் போகும் நண்பர்கள் உட்கார்ந்து பேசித் தந்தது, எதற்காக என்று தெரிந்துதான் பேசினார்கள். கைகளுக்கு உரிய அம்மா முகம் வேண்டாம் என்றார், அதனால்தான் முகம் இல்லை. இறந்தவர்களின் பெயரோ படமோ எங்கும் வராது. டிக்கெட் கிடையாது. விழாக்களுக்கு அனுப்புவதற்கு முன்பே கடற்கரையில்தான் முதலில் காட்டினோம், அங்கே வேண்டாம் என்று சொல்லியிருந்தால் பெட்டியில் வைத்துப் பூட்டியிருப்போம்.

இத்தனையும் சொன்ன பிறகும் சிலருக்கு மனம் ஆறவில்லை. "எங்க கதைய எங்களுக்கே எதுக்குக் காட்டணும்" என்று ஒரு இளைஞர் கேட்டார். அவருக்கு அந்தப் படம் தேவையில்லை, அது முழுக்க நியாயம். அவர் பக்கத்திலேயே இருந்த அவருடைய தங்கை, வெளியூரில் படிக்கும் தன் தோழிகளுக்கு இதைக் காட்ட வேண்டும் என்றாள். ஒரே வீடு.

பரீட்சார்த்தப் படம் என்றால் என்ன?

கதையைச் சொல்ல மட்டும் படத்தையும் சத்தத்தையும் பயன்படுத்தாமல், படம், சத்தம், நேரம் இவற்றால் வேறென்ன செய்ய முடியும் என்று பார்க்கிற படம். மாயா டெரன் 1943-ல் வீட்டுக்குள்ளேயே ஒரு கனவைப் போல 14 நிமிஷப் படம் எடுத்தார். ஸ்டான் பிராக்கேஜ் 1963-ல் கேமராவே இல்லாமல், அந்துப்பூச்சி இறக்கைகளையும் இலைத் துணுக்குகளையும் ஒட்டுநாடாவில் ஒட்டி ஒரு படம் செய்தார். நம் நாட்டிலும் பிலிம்ஸ் டிவிஷனுக்குள் இருந்துகொண்டே 1960-களில் பிரமோத் பதி, எஸ்.என்.எஸ். சாஸ்திரி போன்றவர்கள் துணிச்சலான குறும்படங்கள் எடுத்தார்கள். அரசு நிறுவனம் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

வெறும் இருட்டைக் காட்டுவதும் சினிமாவா? இதற்கு முன்னால் யாராவது செய்திருக்கிறார்களா?

செய்திருக்கிறார்கள். வால்டர் ரூட்மன் 1930-ல் பெர்லினில் ஒரு வார இறுதியை, படமே இல்லாமல் சத்தத்தை மட்டும் பிலிமில் பதிந்து, சுமார் 11 நிமிஷத்துக்குத் தொகுத்தார். பாரிஸில் கி தெபோர் 1952-ல் காட்டிய படத்தில் வெள்ளைத் திரையும் கருப்புத் திரையும் மாறி மாறி வரும், கடைசி 24 நிமிஷம் சத்தம்கூட இல்லாத கருப்பு. முதல் காட்சியைக் கூச்சல் போட்டுப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். டெரக் ஜார்மன் 1993-ல் எடுத்தது 79 நிமிஷம் முழுக்க ஒரே நீலத் திரை, மேலே குரல்களும் இசையும். எய்ட்ஸ் நோயால் அவருக்குப் பார்வை போய்க்கொண்டிருந்த காலம் அது.

அசையாத புகைப்படங்களுக்கும் முன்னோடி உண்டு: கிறிஸ் மார்க்கரின் 1962-ஆம் வருஷத்து 28 நிமிஷப் படம் ஏறக்குறைய முழுவதும் நிழற்படங்களால் ஆனது. எங்கள் படத்தில் அந்த வழி வந்ததற்குக் காரணம் ஏட்டறிவு இல்லை. அந்த வாரத்தில் எடுத்த வீடியோ கைவசம் இல்லை, புகைப்படங்கள்தான் இருந்தன.

தெபோரையும் ஜார்மனையும் ஒப்பிட்டால் ஒன்று தெரியும். முதலாமவர் பார்வையாளரைச் சீண்டத்தான் கருப்பை வைத்தார், இரண்டாமவர் தனக்கு நடப்பதைப் பகிர வைத்தார். எங்கள் படம் இரண்டாவது வகை என்றுதான் நான் நினைக்கிறேன்.

கூட்டம் கூச்சல் போட்டால் அது பெரிய படம் என்று அர்த்தமா?

கிடையாது. இந்த நினைப்பு படம் எடுக்கிறவர்களிடம் நிறைய இருக்கிறது. லூயி புனுவெல் 1929-ல் தன் முதல் படத்தைக் காட்டியபோது, கூட்டம் பாய்ந்தால் எறிவதற்குப் பையில் கல் வைத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் நின்றதாகப் பிற்பாடு எழுதியிருக்கிறார். கூட்டம் கைதட்டியது. அடுத்த வருஷம் அவருடைய இன்னொரு படத்துக்கு வலதுசாரி அமைப்பினர் திரையில் மையை வீசினார்கள், படம் தடை செய்யப்பட்டது. இத்தாலிய இயக்குநர் அந்தோனியோனியின் ஒரு படத்தை 1960-ல் பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் கேலி செய்து கத்தினார்கள், அதே விழாவில் அதற்கு ஜூரி பரிசும் கிடைத்தது. இந்தக் கதைகளை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லி, கத்தினாலே காவியம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கத்தி, மறந்தும் போன படங்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

எதற்காகக் கத்தினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். இதற்கு வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமாரனை' எடுத்த ஜே.சி. டேனியல், நம் அகஸ்தீஸ்வரத்தில் வாழ்ந்து 1975-ல் மறைந்தவர். நிலத்தை விற்றுப் படம் எடுத்தார். திருவனந்தபுரம் கேப்பிட்டல் தியேட்டரில் அதைத் திரையிட்டபோது திரையில் கல் எறிந்தார்கள். தலித் பெண்ணான பி.கே. ரோசி நாயர் பெண்ணாக நடித்தார் என்பதுதான் காரணம். ரோசி ஊரை விட்டே ஓட வேண்டி வந்தது. அதைக் "கலவையான வரவேற்பு" என்ற பட்டியலில் சேர்ப்பது பெரிய அநியாயம். அது சாதி வெறி. டேனியல் பெயரில் கேரள அரசு விருது ஏற்படுத்தியது 1992-ல், அவர் போய்ப் பல வருஷம் கழித்து. குமரியில் படம் காட்டுகிறவர்கள் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

குறும்படம் என்றால் கடைசியில் ஒரு ட்விஸ்ட் இருக்க வேண்டாமா?

அப்படிப் பழகியிருக்கிறோம். 2010-ஐ ஒட்டித் தொலைக்காட்சியில் வந்த 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சிதான் நம் வீடுகளுக்குள் குறும்படத்தைக் கொண்டுவந்தது. கார்த்திக் சுப்புராஜ், நலன் குமாரசாமி, பாலாஜி மோகன் எல்லாம் அந்த வழியாக வந்தவர்கள். பத்து நிமிஷத்தில் ஒரு கதை, முடிவில் ஒரு திருப்பம் என்ற வடிவம் அப்போது மனதில் பதிந்துவிட்டது. நல்ல வடிவம், எனக்கும் பிடிக்கும். ஆனால் அதை எதிர்பார்த்து இந்தப் படத்துக்கு வந்தால், கடைசி நான்கு நிமிஷமும் "இதோ இப்ப ஏதோ வரப்போகுது" என்று காத்திருப்பீர்கள், ஏமாந்துபோவீர்கள். நாகர்கோவில் கூடத்தில் வந்த அதிருப்தியில் பாதி இந்த வகைதான்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் தப்பா?

உங்கள் தப்பு இல்லை. உங்களுக்குப் பிடிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. எந்த இடத்தில் விட்டுப்போனது என்று மட்டும் சொல்லுங்கள், "போர்" என்பதை விட "அந்தக் கை எப்ப நிக்கும்ணு பாத்துட்டே இருந்தேன், அப்புறம் எரிச்சல் வந்துட்டு" என்பது எங்களுக்கு ஆயிரம் மடங்கு உபயோகம். அந்தக் கையைப் பற்றிச் சொன்னது ஒன்பதாம் வகுப்புப் பையன், அன்றைக்கு வந்ததில் துல்லியமான விமர்சனம் அவனுடையதுதான்.

புரிந்த மாதிரி சிலர் நடிக்கிறார்களே?

இருக்கலாம். "அற்புதம், அற்புதம்" என்று கையைப் பிடித்துவிட்டு, எது பிடித்தது என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்காகப் பிடித்தது என்று சொல்கிற எல்லோரையும் சந்தேகப்படுவதும் சரியில்லை.

வயர்லெஸ் பேச்சு எங்களுக்குப் பிடிபடவில்லை. சப்டைட்டில் போடக் கூடாதா?

உள்நாட்டில் பலர் கேட்டார்கள். கடற்கரைத் தமிழ் வேகமாகப் போகும், இரைச்சல் வேறு. இயக்குநர் மறுத்துவிட்டார்: எழுத்து வந்தால் கண் கைகளை விட்டு எழுத்துக்குப் போய்விடும் என்கிறார். வெளிமாநில விழாக்களுக்கு மட்டும் சப்டைட்டில் போட்ட பிரதி உண்டு. இதில் நான் அவர் பக்கம்.

இருட்டு வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாமே?

சொல்கிறோம், ஒரே வரி: "கடைசியில் திரை இருட்டாகும், அது படத்தோடு சேர்ந்ததுதான்." சொல்லாமல் காட்டிய இடங்களில் அதிர்ச்சி அதிகம், குழப்பமும் அதிகம். சொன்ன இடங்களில் யாரும் சுவிட்ச் போர்டுக்குப் போகவில்லை, காதைக் கொடுத்து உட்கார்ந்தார்கள். இதற்கு மேல் விளக்கம் படத்துக்கு முன்னால் கிடையாது.

இப்படிப்பட்ட படத்தைத் திருவனந்தபுரம் விழாக்களில் காட்டினால் போதாதா? இங்கே யார் பார்க்கப் போகிறார்கள்?

அங்கேயும் காட்ட ஆசைதான். நாகர்கோவிலில் ரயில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். நம் பிள்ளைகள் பலர் டிசம்பரில் அங்கே நடக்கும் சர்வதேசத் திரைப்பட விழாவில் படம் பார்த்துத்தான் சினிமா கற்றார்கள். ஆனால் அங்கே வருகிற கூட்டம் இருட்டுத் திரைக்குப் பழகியது. "மரத்த மறுபடி நடலாம்டே" என்று அங்கே யாரும் எழுந்து சொல்லப் போவதில்லை.

பணம் எங்கிருந்து?

நண்பர்கள் போட்டது, பெரிய தொகை இல்லை, கேமரா கடன். மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாமின் ஒடெஸா குழு ஊர் ஊராகப் படம் காட்டி மக்களிடம் வசூலித்து 1986-ல் ஒரு முழு நீளப் படமே எடுத்தது. அது மனதில் இருக்கிறது, அடுத்த படத்துக்கு முயன்று பார்ப்போம்.

குழந்தைகளைக் கூட்டி வரலாமா?

வரலாம். இருட்டில் சின்னக் குழந்தைகள் பயந்தால் வெளியே கொண்டுபோங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டோம்.

யூடியூபில் எப்போது வரும்?

இப்போதைக்கு இல்லை. போனில் பார்த்தால் அந்த நான்கு நிமிஷத்தைத் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள், அப்புறம் மிஞ்சுவது வேறு படம். திரையிடல்கள் முடிந்த பிறகு யோசிக்கலாம் என்கிறார் இயக்குநர்.

எங்கள் ஊரில் காட்ட என்ன வேண்டும்?

ஒரு வெள்ளைச் சுவர் அல்லது திரை, இருட்டாக்கக்கூடிய இடம், நல்ல ஸ்பீக்கர். புரொஜெக்டர் நாங்களே கொண்டுவருவோம். திறந்தவெளி என்றால் பக்கத்துத் தெருவிளக்கை அணைக்க முன்கூட்டியே ஏற்பாடு வேண்டும். கடலுக்குப் பக்கத்தில் என்றால் ஸ்பீக்கரை ஆட்களுக்கு நெருக்கமாக வைக்க வேண்டும், அலைச் சத்தத்தில் வயர்லெஸ் பேச்சு மூழ்கிவிடுகிறது. லேப்டாப்பை நீங்களே தருவதானால் தூங்கிவிடாதபடி செட்டிங்கை மாற்றி வையுங்கள், இருட்டுப் பகுதியில் திடீரென்று கடிகாரம் வந்து நின்றால் எல்லாம் போச்சு.

கடற்கரை ஊர்களில் ஆண்களும் இருக்க வேண்டுமானால் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் நல்ல நேரம்: மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, கிழக்குக் கரையில் சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்கே அது மழைக்காலமும்கூட என்பதால் கூடம் இருந்தால் மட்டும் கூப்பிடுங்கள். நவம்பர் 30 அன்று காட்டச் சொல்லிச் சிலர் கேட்கிறார்கள், அன்று மட்டும் வரமாட்டோம். படம் முடிந்ததும் கூடத்தை உடனே பூட்டிவிடாமல் குறைந்தது முக்கால் மணி நேரம் திறந்து வைக்கச் சொல்லுங்கள், பேச நிறையப் பேர் இருப்பார்கள்.